நகரம் நம்மைப் பார்க்கும் நேரம்

பயண நூல்களில் நகரங்கள் பெரும்பாலும் விடிந்த பிறகுதான் கண்ணில் படுகின்றன. 1878 மே மாதம் யோகஹாமாவை நெருங்கிய கப்பலில் நின்றபடி இசபெல்லா பேர்ட் ஃபூஜி மலையைத் தேடுகிறார். வெகுநேரம் தேடிய பிறகு, எதிர்பார்த்ததைவிட மிக உயரத்தில் அது தெரிகிறது. ஜப்பானைப் பற்றிய அவரது புத்தகத்தின் முதல் கடிதத்திலேயே அந்தக் காட்சி வந்துவிடுகிறது. 1874இல் இஸ்தான்புல் போன இத்தாலிய எழுத்தாளர் எட்மோண்டோ டி அமீசிஸ், காலை மூடுபனி விலக விலக நகரம் கொஞ்சம் கொஞ்சமாக வெளிப்படுவதைப் பக்கம் பக்கமாக எழுதினார். அருமையான பக்கங்கள்தாம். ஆனால் அவற்றுக்கு அடியில் ஒரு நம்பிக்கை இருக்கிறது: ஓர் ஊரை அறிய வேண்டுமென்றால் முதலில் அதை நன்றாகப் பார்த்துவிட வேண்டும், பார்த்தவருக்கே அது வசப்படும். அதனால்தான் இரவில் போய் இறங்கியவர்கள் அந்த இரவை ஒரே வரியில் கடந்துவிடுகிறார்கள். விமானம் தாமதம், விடுதி, தூக்கம். கதை மறுநாள் காலையில்தான் ஆரம்பமாகிறது.

அந்த ஒரு வரிக்குள் அடங்கிப்போன சில மணி நேரத்துக்காகவே இங்கே வாதாடுகிறேன். பகலில் வருபவர் பார்வையாளர். கூட்டத்தோடு கூட்டமாக அவர் கலந்துவிடலாம், எங்கு வேண்டுமானாலும் நிற்கலாம், யாரிடமும் எதுவும் கேட்காமல் ஒரு நாளைக் கழித்துவிடலாம். இரவில் இது தலைகீழாகிறது. அவர் பார்ப்பதற்கு அதிகம் இல்லை. அவரைத்தான் மற்றவர்கள் பார்க்கிறார்கள். பெட்டியோடு தனியாக நிற்கும் இவர் யார், இந்த நேரத்தில் எங்கே போகிறார், யாரைத் தெரியும் என்ற கேள்விகள் அவரைச் சுற்றி எழுகின்றன. அந்நியர் ஒருவரை என்ன செய்வது என்று அந்த ஊர் எப்போதோ தீர்மானித்து வைத்திருப்பது அப்போதுதான் செயலுக்கு வருகிறது. விமான ஜன்னலிலிருந்து தெரியும் ஒளிக்கடலை இதோடு சேர்க்கக் கூடாது. மேலிருந்து விளக்குகளை ரசிப்பது பகல் பார்வையின் நீட்சிதான். தரையிறங்கியதும் அது முடிந்துவிடுகிறது. என் கட்சி இதுதான்: ஒரு நகரம் தன்னிடம் என்ன வைத்திருக்கிறது என்பதைப் பகல் காட்டும், வெளியாளை அது எப்படி நடத்துகிறது என்பதை அறிய இரவில்தான் வந்து சேர வேண்டும். இரண்டாவது அறிவை முதலாவதுக்குக் கீழாக வைக்க எந்த நியாயமும் இல்லை.

நகரங்கள் இரவை ஆண்ட வரலாறே இதற்கு முதல் சாட்சி. இன்றைய டோக்கியோ, எடோ என்ற பெயரில் ஷோகன்கள் என்ற ராணுவ ஆட்சியாளர்களின் தலைநகராக இருந்தபோது அதன் குடியிருப்புகளின் எல்லையில் மரக்கதவுகள் இருந்தன. இரவு ஏறக்குறைய 10 மணிக்கு அவற்றை மூடுவார்கள், விடியும்போது திறப்பார்கள். கதவை ஒட்டிய சிறு குடிலில் காவலாளி குடியிருந்தார். கூலி போதாது; வைக்கோல் செருப்பு, மிட்டாய், குளிர்காலத்தில் சுட்ட சர்க்கரைவள்ளிக் கிழங்கு என்று அங்கேயே சில்லறை வியாபாரமும் செய்தார். வைத்தியரும் மருத்துவச்சியும் எந்நேரமும் தடையின்றிப் போகலாம். மற்றவர்கள் காரணம் சொல்லிவிட்டுப் பக்கத்துச் சிறு கதவு வழியாக நுழைய வேண்டும். அப்படி ஒருவரை விட்டதும் காவலாளி இரண்டு மரக்கட்டைகளைத் தட்டுவார். அடுத்த கதவிலிருப்பவருக்கு அதுதான் தகவல்: ஆள் ஒருவர் வருகிறார், பார்த்துக்கொள். நடப்பவர் இருட்டில் நடக்க, அந்த ஓசை அவருக்கு முன்னால் போய்ச் சேரும். வழியனுப்புகிறார்களா, வேவு பார்க்கிறார்களா என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஒரே தட்டல்தான் இரண்டு வேலையையும் செய்தது.

விளக்கின் கதையும் இப்படித்தான். பாரிஸ் தெருக்களில் மெழுகுவத்தி விளக்குகள் முறையாகத் தொங்கத் தொடங்கியது 1667இல். ஏற்பாடு செய்தவர் அதே ஆண்டு அந்நகரின் முதல் காவல் தலைவராக அமர்த்தப்பட்ட லா ரேனி. தெருவிளக்கு பிறந்ததே காவல் துறையின் மடியில். 1830 ஜூலைப் புரட்சியில் மக்கள் தெருவிளக்குகளைத் தேடித் தேடி உடைத்ததை இந்தப் பின்னணியில்தான் புரிந்துகொள்ள முடிகிறது. இஸ்தான்புல்லில் இரவுத் தொழுகைக்குப் பிறகு வெளியே வருபவர் கையில் விளக்கு இருக்க வேண்டும் என்று ஒட்டோமான் காலத்தில் விதி இருந்தது. விளக்கில்லாமல் அகப்பட்டால் காவலர் பிடித்துக்கொண்டு போவார்கள். ஐரோப்பியப் பட்டணங்கள் பலவற்றிலும் இதே கட்டாயம் இருந்தது. கையில் ஏந்திய விளக்கு அவருக்குப் பாதையைக் காட்டியது என்பதைவிட, அவர் முகத்தை மற்றவர்களுக்குக் காட்டியது என்பதே விதியின் நோக்கத்துக்கு நெருக்கமானது. கதவு மூடும் நேரம் உள்ளூர்க்காரரைக்கூட அந்நியராக்கிவிடும். 1728 மார்ச்சில் ஒரு மாலை, 15 வயது ரூசோ ஊருக்கு வெளியே சுற்றிவிட்டு வருவதற்குள் ஜெனீவாவின் வாயில் மூடப்பட்டுவிட்டது. அவர் உள்ளே போகக் காத்திருக்காமல் ஊரைவிட்டே கிளம்பினார். ஐரோப்பியச் சிந்தனையின் ஒரு பெரும் வாழ்க்கை, பூட்டிய கதவொன்றிலிருந்து புறப்பட்டது.

இனி இன்றைய டோக்கியோவுக்கு வருவோம். ஹனேதா விமான நிலையத்தில் நள்ளிரவை ஒட்டி இறங்குபவருக்கு முதல் சிக்கல் ரயில். உலகின் மிக நெருக்கமான ரயில் வலைகளில் ஒன்றைக் கொண்ட இந்த நகரத்தில் கடைசி வண்டி நள்ளிரவுக்குச் சற்று முன்னோ பின்னோ போய்விடும், பிறகு விடிகாலைதான். டாக்ஸிக்கு இரவு 10 முதல் காலை 5 வரை 20 சதவீதம் கூடுதல் கட்டணம். இடப்பக்கப் பின்கதவை ஓட்டுநரே தன் இருக்கையிலிருந்து திறந்து மூடுவார். கைப்பிடியைப் பிடித்து இழுக்கும் வெளியூர்க்காரரை உடனே அடையாளம் தெரிந்துவிடும். அதையும் தாண்டி வட்டாரத்துக்கு வந்துவிட்டால் முகவரி வேலையைக் காட்டும். டோக்கியோவில் பெரும்பாலான தெருக்களுக்குப் பெயர் கிடையாது. வட்டாரம், அதற்குள் பகுதி, அதற்குள் மனைத்தொகுதி, அதற்குள் கட்டடம் என்று எண்களாகச் சுருங்கிக்கொண்டே போகும் முகவரி. 1962ஆம் ஆண்டுச் சட்டம் இந்த எண்களுக்கு ஓர் ஒழுங்கைத் தந்தது. அது நடைமுறைக்கு வராத பழைய பகுதிகளில் அடுத்தடுத்த வீடுகளுக்கு அடுத்தடுத்த எண்கள் இருக்க வேண்டியதில்லை. இப்படிப்பட்ட ஊரில் வழி கேட்பதை வெட்கத்துக்குரியதாகக் கருத முடியாது. உள்ளூர்க்காரர்களும் கேட்கிறார்கள்.

கேட்பதற்கென்றே ஓர் இடம் இருக்கிறது. தெருமுனையில் ஒரு சிறு காவல் சாவடி, வாசலுக்கு மேல் சிவப்பு விளக்கு. கோபான் என்று அழைக்கப்படும் இவை 1874இல் டோக்கியோவில் தொடங்கி இன்று நாடு முழுவதும் சுமார் 6,000 இருக்கின்றன. உள்ளே ஒரு மேசை, இரண்டு நாற்காலி, வட்டாரத்தின் பெரிய வரைபடம். ஒவ்வொரு கட்டடத்திலும் குடியிருப்பவர் பெயர் அச்சிட்ட தடித்த வரைபடப் புத்தகமும் இருக்கும். காவலர் அதைப் புரட்டி, விரலை நகர்த்தி, மூன்றாவது திருப்பம் என்று காட்டுகிறார். ரோந்துக்குப் போயிருந்தால் மேசைமேல் காவல் நிலையத்தோடு இணைந்த தொலைபேசி. பணத்தைத் தொலைத்துவிட்டு வீடு திரும்ப வழியில்லாமல் நிற்பவருக்கு டோக்கியோ கோபானில் 1,000 யென் வரை பயணக் கடன் கொடுக்கும் வழக்கமும் உண்டு. திருப்பித் தருவதாக எழுதிக் கொடுத்தால் போதும். இரவில் வந்த அந்நியரை மனத்தில் வைத்து ஒரு நிர்வாகம் இவ்வளவு நுணுக்கமாக யோசித்திருக்கிறது. அதே கோபானின் அலமாரியில் வேறொன்றும் இருக்கிறது: காவலர்கள் வீடு வீடாகப் போய்க் குடியிருப்பவர் பெயர், தொழில், அவசரத் தொடர்பு ஆகியவற்றை எழுதி வாங்கிய அட்டைகள். வழி காட்டும் கையும் பதிவேடு வைத்திருக்கும் கையும் ஒன்றே. எடோவின் மரக்கட்டை ஓசை நின்று ஒன்றரை நூற்றாண்டு ஆகிவிட்டது. அதன் இரட்டை வேலை நிற்கவில்லை.

இதற்கு எழும் முதல் மறுப்பு எளிதில் தள்ளக்கூடியதல்ல. களைத்துப்போய், மொழி தெரியாமல், நடுராத்திரியில் சந்தித்த ஓர் ஓட்டுநரையும் ஒரு காவலரையும் வைத்து ஒரு கோடிக்கும் மேற்பட்டவர் வாழும் நகரத்தை எடைபோடுவது நியாயமா? ஓட்டுநர் சிடுசிடுத்தால் ஊரே கெட்டது, சிரித்தால் ஊரே நல்லது என்றாகிவிடாதா? ஆகிவிடும், அந்த மனிதர்களின் குணத்தை வைத்து முடிவெடுத்தால். நான் பேசுவது குணத்தைப் பற்றி அல்ல, ஏற்பாட்டைப் பற்றி. கடைசி ரயில் எப்போது, கூடுதல் கட்டணம் எவ்வளவு, வழி சொல்ல ஆள் உண்டா, உட்கார இடமும் கழிப்பறையும் திறந்திருக்குமா, கையில் காசில்லாதவர் கதி என்ன என்பவை எந்தத் தனிமனிதரின் அன்றைய மனநிலையையும் பொறுத்தவை அல்ல. அவை ஊர் எடுத்த முடிவுகள். பகலில் கூட்டமும் வசதியும் அவற்றை மறைத்துவிடுகின்றன. எல்லாம் திறந்திருக்கும்போது எது திறந்திருக்க வேண்டும் என்ற கேள்வியே எழுவதில்லை. இன்னொன்றும் சொல்ல வேண்டும். களைப்பு ஆராய்ச்சிக்கு உதவாது என்பது உண்மை. ஆனால் உதவி தேவைப்படும் நிலையில் இருப்பவருக்குத்தான் உதவியின் அமைப்பு எங்கே தொடங்குகிறது, எங்கே அறுந்துபோகிறது என்பது தெரியும். நன்றாகத் தூங்கி எழுந்தவருக்குத் தெரியாத தகவல் அது.

இரண்டாவது மறுப்பு கடுமையானது. இரவு வருகையை இப்படிப் புகழ்வது பயப்படத் தேவையில்லாதவர்களின் ஆடம்பரம் என்று சொல்லலாம். தனியாக வரும் பெண்ணுக்கு, தோல் நிறத்தால் சந்தேகத்துக்கு ஆளாகும் மனிதருக்கு, ஆவணங்கள் சரியில்லாத தொழிலாளிக்கு, இருட்டில் ஓர் அந்நிய ஊரில் நிற்பது அறிவைத் தரும் அனுபவமா, ஆபத்தா? அமெரிக்காவில் நூற்றுக்கணக்கான ஊர்களில் கறுப்பின மக்கள் பொழுது சாய்ந்த பிறகு இருக்கக் கூடாது என்ற தடை நடைமுறையில் இருந்தது. சில இடங்களில் ஊர் எல்லையில் பலகையே வைத்திருந்தார்கள். நியூயார்க்கைச் சேர்ந்த அஞ்சல் ஊழியர் விக்டர் ஹியூகோ கிரீன் 1936 முதல் ஒரு வழிகாட்டிப் புத்தகம் வெளியிட்டார்: கறுப்பினப் பயணிகளுக்கு எந்த ஊரில் எந்த விடுதியில் இடம் கிடைக்கும், எங்கே சாப்பிடலாம் என்ற பட்டியல். 1960கள் வரை அது வந்துகொண்டிருந்தது. அதைக் கையில் வைத்திருந்தவர்களிடம் போய் இரவில் வந்து சேர்வதன் அழகைப் பற்றி யாரும் பேச முடியாது. டோக்கியோவும் விலக்கல்ல. வெளிநாட்டுத் தோற்றம் கொண்டவர்கள் என்பதற்காகவே காவலர்கள் திரும்பத் திரும்பத் தங்களை நிறுத்தி விசாரிக்கிறார்கள் என்று, ஜப்பானில் வாழும் மூன்று பேர் 2024 ஜனவரியில் டோக்கியோ மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார்கள். ஒருவருக்கு வழி காட்டும் அதே சீருடை இன்னொருவரின் வழியை மறிக்கிறது.

இந்த மறுப்பை முழுதாக ஏற்கிறேன். ஏற்பதால் வாதம் விழவில்லை, அதன் முனை இன்னும் கூர்மையாகிறது. இரவு வருகை இனிமையானது என்று நான் சொல்லவில்லை. அது உண்மையைக் காட்டுவது என்கிறேன். யாருக்கு அந்த இரவு சாதாரணமாகக் கழிகிறது, யாருக்கு அது கண்டமாகிறது என்ற வித்தியாசத்தைவிட ஓர் ஊரைப் பற்றித் துல்லியமான தகவல் எது? சிலப்பதிகாரத்தில் கோவலனும் கண்ணகியும் வெயிலுக்கு அஞ்சி நிலவொளியில் இரவில் நடந்து மதுரையை அடைகிறார்கள். கண்ணகியைப் புறநகரில் விட்டுவிட்டுக் கோவலன் பகலில் ஊரைச் சுற்றிப் பார்க்கிறான். ஊர்காண் காதை முழுக்க அவன் கண்ட வீதிகள்தாம். இரத்தினக் கடைகள், கூல வீதி, கூடகோபுரம், எல்லாம் கண்ணுக்கு விருந்து. அவன் அந்த ஊரை நன்றாகவே பார்த்தான். ஊர் அவனை எப்படிப் பார்க்கிறது என்பதை மட்டும் அவன் அறியவில்லை. விசாரிக்க ஒருவரும் இல்லாத, சான்று சொல்ல ஆளில்லாத வெளியூர்க்காரனாகச் சிலம்போடு நின்றபோது அவன் உயிரைப் பறிக்க ஒரு பொற்கொல்லனின் வாய்ச்சொல்லே போதுமானதாயிற்று. ஊரைப் பார்ப்பதும் ஊரால் அறியப்படுவதும் வெவ்வேறு என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று நம் இலக்கியத்தில் இல்லை.

மூன்றாவதாக, இதெல்லாம் பழங்கதை என்பார்கள். கைபேசியில் வரைபடம் இருக்கிறது, அறை முன்பதிவாகிவிட்டது, வண்டி செயலியில் வந்து நிற்கிறது. யாரையும் எதுவும் கேட்காமல் படுக்கைக்குப் போய்விடலாம். வசதியை நான் குறை சொல்லவில்லை. முக்கியமாகப் பெண்களுக்கு அது தந்திருக்கும் துணிவை யாரும் குறைத்து மதிப்பிட முடியாது. ஆனால் கேட்பது குறைந்ததே தவிர, பார்க்கப்படுவது குறையவில்லை. ஜப்பானுக்குள் நுழையும் 16 வயதுக்கு மேற்பட்ட வெளிநாட்டவர்களில் பெரும்பாலோரிடம் 2007 நவம்பர் 20 முதல் விரல்ரேகையும் முகப்படமும் எடுக்கிறார்கள். அங்கே முகவரி இல்லாத வெளிநாட்டுப் பயணிகளின் பாஸ்போர்ட்டை விடுதிகள் பிரதி எடுத்து வைக்க வேண்டும் என்பது 2005 முதல் நடைமுறை. காவலாளியின் மரக்கட்டைக்குப் பதிலாக இப்போது ஒரு கண்ணாடித் தகடு. விரலை வைத்ததும் செய்தி போய்விடுகிறது. மாறியது என்னவென்றால், பார்ப்பவர் முகம் நமக்குத் தெரிவதில்லை. எடோவில் இரவில் நுழைந்தவருக்குத் தன்னை அனுமதித்தவர் இன்னார் என்றாவது தெரியும். அவரிடம் மன்றாடலாம், சண்டை போடலாம், கிழங்கு வாங்கித் தின்னலாம். எண்பூட்டு வைத்த அறைக்குச் செயலி வழியே போய்ச் சேர்பவர், நகரத்தின் ஒரு மனிதரையும் சந்திக்காமலேயே நகரத்தின் எல்லாப் பதிவேடுகளிலும் ஏறிவிடுகிறார். இது முன்னேற்றமா என்று எனக்குச் சந்தேகம் உண்டு.

அப்படியும் ஒருவரைச் சந்திக்காமல் இருக்க முடியாது: கொன்பினி என்ற இரவுக்கடையின் ஊழியர். செவன் இலெவன் ஜப்பானில் முதல் கடையை 1974இல் டோக்கியோவின் தோயோசுவில் திறந்தது. அடுத்த ஆண்டு ஃபுகுஷிமா மாகாணத்துக் கடையொன்றில் 24 மணி நேர வியாபாரம் தொடங்கியது. வந்து இறங்கியவருக்கு முதல் சோறு பெரும்பாலும் அங்கேதான்: கடற்பாசித் தாளில் சுற்றிய முக்கோண அரிசி உருண்டை. பிளாஸ்டிக் உறையில் 1, 2, 3 என்று அச்சிட்டிருக்கும். அந்த வரிசையில் பிரித்தால் தாள் கிழியாமல் சோற்றைச் சுற்றிக்கொள்ளும். தெரியாதவர் கையில் அது கந்தலாகிவிடும். டோக்கியோவின் கொன்பினிகளில் இரவில் கல்லாவில் நிற்பவர் பல சமயம் நேபாளத்திலிருந்தோ வியட்நாமிலிருந்தோ படிக்க வந்த மாணவர். சட்டப்படி வாரத்துக்கு 28 மணி நேரம்தான் அவர் வேலை செய்யலாம். அவரும் ஏதோ ஒரு நாளில் இதே விமான நிலையத்தில் பெட்டியோடு நின்றவர். அந்நியரை வரவேற்கும் பொறுப்பை இந்த நகரம் இன்னோர் அந்நியரிடம், மணிக்கூலிக்கு, ஒப்படைத்திருக்கிறது. 2019இல் ஆள் பற்றாக்குறையால் 24 மணி நேரமும் கடை திறந்திருப்பது தேவைதானா என்ற விவாதம் ஜப்பானில் பெரிதாக எழுந்தபோது பேசப்பட்டது கடைக்காரர்களின் தூக்கம். நியாயமான பேச்சு. இரவில் வருபவரின் தேவைக்கு யாரோ ஒருவரின் தூக்கம்தான் விலை என்பதை வேறு எந்த நேரத்திலும் இவ்வளவு தெளிவாகப் பார்க்க முடியாது.

அந்தத் தூக்கத்தின் அரசியலை விமான அட்டவணைகளிலும் காணலாம். ஃபிராங்ஃபர்ட்டில் 2011 முதல் இரவு 11 மணியிலிருந்து காலை 5 மணி வரை திட்டமிட்ட விமானங்களுக்குத் தடை. சிட்னியில் இரவு 11 முதல் காலை 6 வரை. அங்கே மக்கள் உறங்க வேண்டும் என்பதால், ஆசிய நகரங்கள் பலவற்றில் விமானங்கள் நடுராத்திரியில் இறங்கியும் ஏறியும் போகின்றன. டோக்கியோவின் இன்னொரு விமான நிலையமான நரிட்டா நள்ளிரவிலிருந்து காலை 6 மணி வரை மூடியிருப்பதற்கும் காரணம் உண்டு. தங்கள் நிலத்தைப் பறித்து விமான நிலையம் கட்டுவதை எதிர்த்து அங்கே விவசாயிகள் ஆண்டுக்கணக்கில் போராடினார்கள், உயிர்கள் போயின, 1978இல்தான் நரிட்டாவைத் திறக்க முடிந்தது. சுற்றியிருப்பவர்களின் தூக்கத்தை மதிக்காமல் அதை நடத்த முடியாது என்பதை அந்தப் போராட்டம் உறுதியாக்கியது. அதனால் பின்னிரவு விமானங்கள் கடலோரத்திலுள்ள ஹனேதாவுக்குப் போகின்றன. நரிட்டா விவசாயிகளின் பக்கம்தான் நான் நிற்பேன். ஆனால் ஹனேதாவில் இரவில் ஆட்களை இறக்கத் தீர்மானித்த பிறகு, அவர்களை நகரத்துக்குள் கொண்டுபோகும் கடமையும் அந்தத் தீர்மானத்தோடு சேர்ந்து வருகிறது. 2013 டிசம்பரில் டோக்கியோ மாநகர நிர்வாகம் ஷிபுயாவுக்கும் ரொப்போங்கிக்கும் இடையே இரவு முழுக்க ஓடும் பேருந்து ஒன்றைச் சோதனையாக விட்டது, வெள்ளி இரவுகளில் மட்டும். கூட்டம் சேரவில்லை என்று 2014 அக்டோபர் இறுதியில் நிறுத்திவிட்டார்கள். வாரத்தில் ஓர் இரவு, கேளிக்கைப் பகுதிகள் இரண்டுக்கு நடுவே ஒரு சின்னத் தடம். விமான நிலையத்தின் பக்கமே போகாத பேருந்து. அதில் எத்தனை இருக்கை நிரம்பியது என்று கணக்குப் பார்த்தார்கள். ஓர் இரவில் வழி கேட்டு ஒருவரும் வரவில்லை என்பதற்காகக் கோபானை மறுநாள் மூடுவதில்லை. வரக்கூடும் என்பதற்காகவே அங்கே ஆள் இருக்கிறார். இரவுப் பேருந்தையும் அந்தக் கணக்கில் சேர்த்திருந்தால் பத்து மாதத்தில் அதை நிறுத்தியிருக்க மாட்டார்கள், ஹனேதாவரை நீட்டியிருப்பார்கள்.